நத்தையை ஒழிக்க நத்தையைக் கொண்டு வந்தார்கள், தீவே காலியானது! பார்ட்டுலா நத்தைகள் மீண்டு வந்தது எப்படி?

ஒரு பூச்சித் தொல்லை. அதைச் சாப்பிட இன்னொரு உயிரினத்தைக் கொண்டு வந்து விட்டால் மருந்து செலவும் இல்லை, விஷமும் இல்லை. கேட்பதற்கு ரொம்ப நல்ல யோசனை. பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் சில குட்டித் தீவுகளில் 1970-களில் இதைத்தான் செய்தார்கள். விளைவு? பத்தே ஆண்டுகளில் ஒரு தீவில், உலகில் வேறு எங்குமே இல்லாத ஏழு நத்தை இனங்களும் காட்டிலிருந்து துடைத்தெறியப்பட்டன.

அதில் ஒரு இனம் லண்டன் போன்ற நகரங்களின் உயிரியல் பூங்காக்களில், பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, இப்போது தன் சொந்தக் காட்டுக்கே திரும்பியிருக்கிறது. அங்கே குட்டியும் போட ஆரம்பித்துவிட்டது. ஒரு நத்தைக்காக 15,000 கிலோமீட்டர் விமானப் பயணமா என்று தோன்றலாம். கதையை முழுசாகத் தெரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது.

பார்ட்டுலா என்பது என்ன?

பார்ட்டுலா என்பது மரத்தில் வாழும் நத்தைகளின் ஒரு பேரினம். பசிபிக் தீவுகளில் மட்டுமே உண்டு. அளவு என்று பார்த்தால் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர்தான். கட்டைவிரல் நகத்தின் மேல் உட்கார்ந்துவிடும். மஞ்சள், பழுப்பு, வெள்ளை, கோடு போட்டது என்று ஓட்டில் பல நிறங்கள்.

பிரெஞ்சு பாலினேசியாவில் டஹிட்டி, மோரியா, ராயாட்டியா போன்ற தீவுகள் அடங்கிய கூட்டத்துக்கு சொசைட்டி தீவுகள் என்று பெயர். எரிமலை வெடித்து உருவான தீவுகள். இங்கே மட்டும் பார்ட்டுலா குடும்பத்தைச் சேர்ந்த 61 இனங்கள் இருந்தன.

நத்தை என்றதும் தோட்டத்தில் கீரையைக் கடித்து வைக்கும் ஆசாமிதான் நம் நினைவுக்கு வருவார். பார்ட்டுலா அந்த ரகம் இல்லை. மட்கிய இலை தழை, பூஞ்சை, இலை மேல் படியும் பாசி போன்றவைதான் அதன் சாப்பாடு. பயிருக்குத் தொந்தரவு கிடையாது. காட்டில் விழுவதை மறுபடி சத்தாக்கித் தருகிற துப்புரவு வேலையைத்தான் அது செய்கிறது.

இன்னொரு விசேஷம், பெரும்பாலான நத்தைகள் ஒரே தடவையில் ஏராளமாக முட்டையிடும். பார்ட்டுலா முட்டையிடாது, ஓட்டோடு இருக்கும் குட்டியை ஒன்றொன்றாக ஈனும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவில் சில வாரங்கள் ஆகும். எதிரிகள் அதிகம் இல்லாத தீவில் இந்த நிதானம் ஒரு குறையே இல்லை. ஆனால் எதிரி வந்தபோது அதுவே அதன் கழுத்தை நெரித்தது.

விஞ்ஞானிகள் ஏன் இதைத் தேடிப் போனார்கள்?

நத்தையால் வேகமாகப் போக முடியாது. ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் நத்தை, நடுவில் இருக்கும் மலை முகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போவது அபூர்வம். அதனால் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் நத்தைகள் தனித்தனியாக, தங்கள் போக்கில் மாறிக்கொண்டே வந்தன. ஒரு இனம் பல இனங்களாகப் பிரிவதை நேரில் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கலாபகோஸ் தீவுகளின் குருவிகளைப் படித்து டார்வினின் பரிணாமக் கொள்கையைப் புரிந்துகொள்வதுபோல, இங்கே நத்தைகளைப் படித்தார்கள்.

அமெரிக்க உயிரியலாளர் ஹென்றி கிராம்ப்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தீவுகளின் பள்ளத்தாக்குகளில் ஏறி இறங்கி, ஆயிரக்கணக்கான ஓடுகளை அளந்து பதிவு செய்தார். 1916-லும் 1932-லும் அவர் வெளியிட்ட பெரிய தொகுப்புகள் இன்றும் இந்தத் துறைக்கு அடித்தளம். அவருக்குப் பிறகு 1960-களில் இருந்து பிரையன் கிளார்க், ஜேம்ஸ் மர்ரே, மைக்கேல் ஜான்சன் ஆகியோர் மோரியா தீவில் மரபியல் ஆய்வைத் தொடர்ந்தார்கள்.

அவர்கள் பார்த்த ஒரு விஷயம் நமக்குச் சட்டென்று புரியும். சங்கில் இடம்புரி, வலம்புரி என்று இரண்டு உண்டு. வலம்புரி கிடைப்பது அரிது என்பதால்தான் அதற்கு அவ்வளவு மவுசு. நத்தை ஓடும் அப்படித்தான், பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் சுருளும். ஆனால் மோரியாவில் பார்ட்டுலா சுட்டுராலிஸ் என்ற இனத்தில் இரண்டு பக்கச் சுருளும் சாதாரணமாகவே இருந்தன. எதிரெதிராகச் சுருண்ட இரண்டு நத்தைகள் இணைசேர்வது கடினம். ஆக, ஓடு சுருளும் திசையே இரண்டு கூட்டத்துக்கு நடுவில் வேலி போல நின்றுவிடும். புது இனம் எப்படிப் பிறக்கிறது என்ற கேள்விக்கு இது ஒரு அருமையான துப்பு.

தீவு மக்களுக்கும் இவை அந்நியமில்லை. ஓடுகளை அணிகலனாகக் கோத்து அணிந்தார்கள். வெள்ளை ஓடு கொண்ட பார்ட்டுலா ஹையலினா என்ற டஹிட்டி நத்தை, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆஸ்ட்ரல் தீவுகளிலும் குக் தீவுகளிலும் காணப்படுகிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பாலினேசிய மாலுமிகள் படகில் அதைக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

அப்புறம் என்னதான் நடந்தது?

பிரச்சினை ஆரம்பித்தது சாப்பாட்டுத் தட்டில். 1967-ல் ராட்சத ஆப்பிரிக்க நத்தை டஹிட்டிக்கு வந்து சேர்ந்தது. நத்தைக் கறி பிரெஞ்சு சமையலில் பிரபலம். வளர்த்து விற்கலாம் என்பது கணக்கு. ஆனால் நத்தை பண்ணையோடு நிற்கவில்லை. தோட்டங்களில் புகுந்து, கிடைத்த பயிரையெல்லாம் மேய்ந்து, தீவுக்குத் தீவு பரவியது.

அதை எப்படி ஒழிப்பது? ஹவாயில் ஏற்கெனவே ஒரு முன்மாதிரி இருந்தது. 1955-ல் அங்கே ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க, அமெரிக்காவின் புளோரிடா பகுதியைச் சேர்ந்த யூக்ளாண்டினா ரோசியா என்ற நத்தையைக் கொண்டு வந்திருந்தார்கள். இது தழை தின்னும் நத்தை அல்ல; மற்ற நத்தைகளை வேட்டையாடித் தின்னும் நத்தை. அதனால் 'ஓநாய் நத்தை' என்றே பெயர். 1970-களின் நடுவில் டஹிட்டிக்கும், 1977-ல் மோரியாவுக்கும் இதை அதிகாரிகளே கொண்டு வந்து விட்டார்கள்.

ஓநாய் நத்தை வேட்டையாடும் விதம் பயங்கரம். நத்தை ஊர்ந்துபோன இடத்தில் ஈரமான தடம் இருக்கும் அல்லவா? வாய்க்கு இரண்டு பக்கமும் மீசை மாதிரி நீளும் உணர் உறுப்புகளால் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் போகும். வேகமும் மற்ற நத்தைகளைவிட அதிகம். மரத்தில் ஏறவும் தெரியும். சிறிய நத்தை கிடைத்தால் ஓட்டோடு விழுங்கிவிடும்.

இங்கேதான் கணக்கு தப்பியது. வளர்ந்த ஆப்பிரிக்க நத்தை ஓநாய் நத்தையைவிட உருவத்தில் மிகப் பெரியது. அதோடு மல்லுக்கட்டுவதைவிட, கைக்கு அடக்கமாக, மெதுவாக ஊர்கிற பார்ட்டுலாவைப் பிடிப்பது சுலபம். ஓநாய் நத்தை சுலபமானதையே தேர்ந்தெடுத்தது. ஒரு வேட்டைக்காரரை ஒருபோதும் பார்த்திராத பார்ட்டுலாவுக்குத் தப்பிக்கத் தெரியவில்லை. குட்டிகளை அடுத்தடுத்துப் போட்டு எண்ணிக்கையை ஈடுகட்டவும் முடியவில்லை.

மோரியாவில் ஓநாய் நத்தை ஆண்டுக்கு சுமார் 1.2 கிலோமீட்டர் வீதம் பரவியது. 1984-ல் கிளார்க் குழுவினர் ஆய்வுக் கட்டுரையிலேயே எச்சரித்தார்கள். ஆனால் பரவிவிட்ட ஓநாய் நத்தையைத் திரும்பப் பிடிக்க வழி எதுவும் இல்லை. 1987-க்குள் மோரியாவின் காட்டில் ஏழு இனங்களும் இல்லை. டஹிட்டியிலும், பிறகு ராயாட்டியாவிலும் இதே கதை. 61 இனங்களில் காட்டில் தப்பிப் பிழைத்தவை வெறும் ஐந்து.

ஆப்பிரிக்க நத்தையோ இன்றும் அங்கே இருக்கிறது.

முக்கிய ஆண்டுகள்

- 1967: ஆப்பிரிக்க நத்தை டஹிட்டிக்கு வந்தது
- 1970-களின் நடுப்பகுதி: ஓநாய் நத்தை டஹிட்டியில் விடப்பட்டது
- 1977: மோரியாவில் விடப்பட்டது
- 1987: மோரியாவின் காட்டில் பார்ட்டுலா இல்லை
- 1996: பார்ட்டுலா டர்கிடா அடியோடு அழிந்தது
- 2016: பார்ட்டுலா ஃபாபா அடியோடு அழிந்தது
- 2024: பார்ட்டுலா தொஹிவியானா காட்டில் மீண்டும் நிலைகொண்டது உறுதியானது

பெட்டிக்குள் ஒரு காடு

விஞ்ஞானிகள் கையில் இருந்தது ஒரே ஒரு வழிதான். அழிவதற்கு முன்னால் கிடைத்த நத்தைகளைச் சேகரித்து வெளியே கொண்டு போய்விடுவது. 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் அப்படிக் கொண்டுவரப்பட்ட நத்தைகள் லண்டன், எடின்பரோ, பிரிஸ்டல், ஜெர்சி உள்ளிட்ட இடங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. ஒரே இடத்தில் வைத்தால் ஒரு நோய் வந்தாலே மொத்தமும் போய்விடும் என்பதால்தான் இந்தப் பிரிப்பு. சில இனங்களில் கையில் இருந்தவை விரல் விட்டு எண்ணும் அளவே.

யானை, புலி போல இதற்குப் பெரிய கூண்டு தேவையில்லை. ஒரு அலமாரி நிறையப் பெட்டிகள் போதும். ஆனால் வேலை சுலபம் இல்லை. வெப்பமும் ஈரப்பதமும் தீவில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். ஓட்ஸ் தூள், உலர்ந்த இலைத் தூள், மீன் தீவனம், ஓடு உறுதியாக வளர கணவாய் ஓட்டுத் தூள் எல்லாம் கலந்த ஒரு பசைதான் உணவு. சின்னதாக ஏதாவது தவறினாலும் ஒரு இனமே போய்விடும்.

அப்படிப் போகவும் செய்தது. பார்ட்டுலா டர்கிடா இனத்தின் கடைசி நத்தை 1996 ஜனவரியில் லண்டனில் இறந்தது. காரணம் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி. ஒரு இனம் முழுவதும் தொற்றால் அழிந்ததற்கு ஆய்வாளர்கள் ஆதாரத்தோடு பதிவு செய்த அரிதான உதாரணம் அது.

பார்ட்டுலா ஃபாபாவின் கதை இன்னும் வருத்தமானது. 1769-ல் கேப்டன் குக்கின் முதல் கடற்பயணத்தின்போது ராயாட்டியாவில் சேகரிக்கப்பட்டு, மேற்குலகம் முதலில் அறிந்த பார்ட்டுலா அதுதான். இரண்டரை நூற்றாண்டு கழித்து 2016-ல், எடின்பரோவில் அதன் கடைசி நத்தை இறந்தது.

ஹவாயிலும் இதே பாடம். அங்கே மர நத்தை இனம் ஒன்றின் கடைசி உயிரான 'ஜார்ஜ்' 2019 புத்தாண்டு அன்று இறந்துபோனது. வயது சுமார் 14. அந்த இனத்தின் பெயர் அக்காட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா. 1787-ல் ஒரு ஆங்கிலேயக் கப்பல் தலைவருக்குப் பரிசாகக் கிடைத்த மாலையில் இருந்த ஓடுதான் வெளியுலகுக்கு அந்த இனத்தைக் காட்டியது.

வெயிலில் ஒளிந்த நத்தை

ஓநாய் நத்தை வந்த பிறகும் டஹிட்டியின் பள்ளத்தாக்குகளில் ஒரு இனம் எப்படியோ நீடித்தது. மேலே சொன்ன வெள்ளை ஓட்டு பார்ட்டுலா ஹையலினா. எப்படித் தப்பித்தது?

வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் காட்டின் ஓரத்தில், மற்ற நத்தைகளுக்கு ஒத்துவராத வெளிச்சத்திலும் இதனால் தங்க முடியும். ஓநாய் நத்தையால் அந்த வெயிலைத் தாங்க முடியாது என்று ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள். ஆனால் அதை நிரூபிப்பது எப்படி?

இங்கேதான் கணினித் துறை உதவிக்கு வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான, 2 × 5 × 2 மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு குட்டிக் கணினியில் சூரிய மின்கலம் இருந்தது. அதை ஓநாய் நத்தைகளின் ஓட்டில் ஒட்டி, காட்டில் விட்டார்கள். மின்கலம் எவ்வளவு வேகமாக சார்ஜ் ஆகிறது என்பதைப் பார்த்தே நத்தை எவ்வளவு வெளிச்சத்தில் இருந்தது என்று கணக்கிடலாம். பார்ட்டுலா பாதுகாக்கப்பட்ட இனம் என்பதால் அதன் மேல் ஒட்டவில்லை. அது ஓய்வெடுக்கும் இலைகளில் கருவியை வைத்தார்கள்.

2021-ல் முடிவு வெளியானது. ஹையலினா இருக்கும் இடத்தில், ஓநாய் நத்தை நடமாடும் இடத்தைவிடச் சராசரியாக 10 மடங்கு அதிக வெளிச்சம். அப்படியென்றால் காட்டின் ஓரத்தில் இருக்கும் அந்த வெளிச்சமான மரங்கள்தான் அதன் கோட்டை. அவற்றை வெட்டினாலோ, நிழல் தரும் வெளிநாட்டு மரங்கள் அங்கே பரவினாலோ அந்தக் கோட்டை இடிந்துவிடும். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு குட்டிக் கருவி சுட்டிக்காட்டிவிட்டது.

வீடு திரும்பிய நத்தைகள்

பிரெஞ்சு பாலினேசிய அரசோடு சேர்ந்து, உயிரியல் பூங்காக்கள் பத்தாண்டுகளுக்கு முன் நத்தைகளைத் திரும்பவும் தீவுகளில் விட ஆரம்பித்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த நத்தைகள் முதலில் ஒட்டுண்ணி, நோய் ஏதும் இல்லை என்று சோதிக்கப்பட்டு, தனிமைப்படுத்தி வைக்கப்படும். பிறகு ஒவ்வொன்றின் ஓட்டிலும் ஒரு சிவப்புப் பொட்டு. புற ஊதா ஒளியில் மின்னும் சாயம் அது. நத்தை இரவில்தான் நடமாடும் என்பதால், இருட்டில் விளக்கடித்துத் தேடும்போது இந்தப் பொட்டு பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

2023-ல் மட்டும் 5,000-க்கும் அதிகமான நத்தைகள் ஒரே முறையில் டஹிட்டி, மோரியா தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. பத்தாண்டுகளில் விடப்பட்ட மொத்த எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டும்.

அந்தச் சிவப்புப் பொட்டுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. பொட்டு இருந்தால் அது பூங்காவில் பிறந்த நத்தை. பொட்டே இல்லாத, முழுதாக வளர்ந்த நத்தை ஒன்று கண்ணில் பட்டால்? அது காட்டிலேயே பிறந்து, காட்டிலேயே வளர்ந்தது என்று அர்த்தம். 2024 செப்டம்பரில் அப்படிப்பட்ட நத்தைகள் கண்டுபிடிக்கப்பட்டன. இனம்: பார்ட்டுலா தொஹிவியானா. மோரியாவின் மிக உயரமான மலையின் பெயரைத் தாங்கிய நத்தை.

அதைத் தொடர்ந்து அந்த இனம் 'காட்டில் அற்றுப்போனது' என்ற நிலையிலிருந்து 'மிக அருகிவிட்டது' என்ற நிலைக்கு மாற்றப்பட்டது. 'மிக அருகிவிட்டது' என்பது சாதாரணமாகக் கெட்ட செய்தி. இந்த ஒரு நத்தைக்கு மட்டும் அது நல்ல செய்தி.

பிரச்சினை முடிந்துவிட்டதா?

இல்லை. ஓநாய் நத்தை இன்னும் அங்கேதான் இருக்கிறது. முன்பு போல அவ்வளவு எண்ணிக்கையில் இல்லை. தின்ன நத்தை குறைந்ததும் அதுவும் குறைந்துவிட்டது. ஆனால் புதிய எதிரி ஒன்று சேர்ந்திருக்கிறது. நியூ கினியா தட்டைப் புழு என்ற புழு, பசிபிக் தீவுகள் பலவற்றுக்கும் பரவி, நத்தைகளைத் தின்கிறது. தொட்டிச் செடி மண்ணோடு மண்ணாக ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போய்விடும் என்பதால் தடுப்பது கஷ்டம். அதனால்தான் பூங்காக்களில் இருக்கும் பெட்டிகளை யாரும் இன்னும் காலி செய்யவில்லை.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. டஹிட்டியில் தொல்லை கொடுத்த அதே ஆப்பிரிக்க நத்தை இந்தியாவுக்கு வந்து 175 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1847-ல் மொரீஷியஸிலிருந்து வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த நத்தைகள் கொல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இன்று மழைக்காலம் வந்தால் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மதில் சுவர், வாழைத் தோட்டம், பப்பாளி மரம் என்று எங்கும் ஏறி நிற்பது அதன் வாரிசுகள்தான். மூளைக்காய்ச்சலை உண்டாக்கக்கூடிய ஒரு வகைப் புழுவை இது சுமந்திருக்கலாம் என்பதால் வெறுங்கையால் தொடாமல் இருப்பது நல்லது. குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

அப்படியென்றால் பூச்சியை ஒழிக்க வெளியிலிருந்து இன்னொரு உயிரைக் கொண்டுவருவதே தப்பா? அதுவும் இல்லை. 2008-ல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, விவசாயிகளுக்குப் பெரிய நஷ்டம் கொடுத்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டபிறகு அது கட்டுக்குள் வந்தது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் அதே போல ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவி வரவழைக்கப்பட்டு, 2022-ல் சேலம் மாவட்டத்தில் விடப்பட்டது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அந்தக் குளவிகள் குறிப்பிட்ட மாவுப்பூச்சியின் உடலில்தான் முட்டையிட்டு வளரும். தனிமையில் வைத்துச் சோதித்து, வேறு எதையும் தொடாது என்று உறுதி செய்த பிறகே வெளியே விட்டார்கள். ஓநாய் நத்தையோ எந்த நத்தை கிடைத்தாலும் தின்னும். அது எதைத் தின்னும் என்ற கேள்வியை மட்டும் கேட்டார்கள். வேறு எதையெல்லாம் தின்னும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த ஒரு கேள்வியைக் கேட்காததற்கு விலை, ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் தங்கள் காட்டை இழந்தது. அதில் ஒன்றைத் திரும்ப நிலைநிறுத்த மட்டுமே நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் ஆகியிருக்கிறது. பூங்காப் பெட்டிகளில் பத்துக்கும் மேற்பட்ட பார்ட்டுலா வகைகள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கின்றன. மீதிப் பெரும்பாலானவற்றுக்குத் திரும்பி வர வழியே இல்லை.